பராசக்தியில் மறைந்துபோன போர்

தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதப் புகும் எவரும் ‘பராசக்தி’யைத் தொடாமல் கடந்து செல்ல முடிவதில்லை. ஆனால் தொடுபவர்களில் பெரும்பாலோர் நீதிமன்றக் காட்சியோடு நின்றுவிடுகிறார்கள். 1952 அக்டோபர் 17, தீபாவளித் திருநாளன்று வெளியான அந்தப் படம் இன்று நான்கு செய்திகளாகச் சுருங்கிவிட்டது: சிவாஜி கணேசனின் முதல் படம், மு. கருணாநிதியின் வசனம், கோயிற் பூசாரி, தடை கோரி எழுந்த கூச்சல். இந்நான்கும் முக்கியமானவைதாம். எனினும் குணசேகரன் குற்றவாளிக் கூண்டில் வந்து நிற்பதற்குக் காரணமான முதற் செய்தி இவற்றுள் இல்லை. அது இரண்டாம் உலகப் போர். ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசாதிருந்தால் அந்தக் குடும்பம் சிதறியிராது, கல்யாணி தன் குழந்தையை ஆற்றில் எறிந்திருக்க மாட்டாள், நீதிமன்றமும் கூடியிருக்காது.

‘பராசக்தி’ ஒரு போர்க்காலக் குடும்பத்தின் கதை. அதை அவ்வாறு வாசித்துப் பார்க்கவே இக்கட்டுரை முயல்கிறது. வெளியானபோது அதன் கதை நிகழ்ந்த காலத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே பத்தாண்டு இடைவெளிதான் இருந்தது. நமக்கோ எண்பதாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அன்றைய பார்வையாளருக்குச் சொல்லாமலே விளங்கிய பல செய்திகள் இன்று அடிக்குறிப்பு இல்லாமல் விளங்குவதில்லை. திரைப்படமும் இலக்கியமும் என்னும் பாடத்திற்காக இப்படத்தைத் திரையிடும் ஒவ்வோர் ஆண்டும், அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வரும் நம் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி நாத்திகம் பற்றியதன்று. “மதுரைக்காரக் குடும்பம் எதற்கு ஐயா ரங்கூனில் இருந்தது?” என்பதே அக்கேள்வி. நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

ரங்கூன் அன்று ஏறத்தாழ ஓர் இந்திய நகரம். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். சுமார் நான்கு லட்சம் மக்கள்தொகை கொண்ட ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், அரிசி ஆலையில் உழைத்தவர், ரிக்‌ஷா இழுத்தவர், தெருக் கூட்டியவர், அலுவலகத்தில் கணக்கெழுதியவர், நீதிமன்றத்தில் வாதாடியவர் என எல்லாத் தட்டுகளிலும் நம்மவர் இருந்தனர். தெலுங்கர், தமிழர், ஒரியர், வங்காளியர் எனப் பல மொழியினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் லேவாதேவித் தொழில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்கள் வரை வேர்விட்டிருந்தது. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய பர்மிய உழவர்களின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தன. 1938 வாக்கில் முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் கால் பங்கு அவர்களிடம் இருந்தது. அதே ஆண்டில் ரங்கூனில் இந்தியருக்கு எதிரான கலவரமும் மூண்டது. அதற்கு முந்தைய ஆண்டே, 1937 ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து ஆட்சிமுறையில் பிரிக்கப்பட்டுவிட்டது. ஆகவே போர் வருமுன்பே அந்த வாழ்வின் அடித்தளம் ஆட்டங்கண்டிருந்தது. படம் இதைச் சொல்வதில்லை. படத்தின் தொடக்கத்தில் ரங்கூன் செல்வத்தின் மறுபெயர். மூன்று அண்ணன்மார் அங்கே வாழ்கிறார்கள். மதுரையில் தந்தையும் தங்கையும் இருக்கிறார்கள். தங்கைக்குத் திருமணம் நிச்சயமாகிறது. ‘ரங்கூன் மாப்பிள்ளை’, ‘ரங்கூன் தேக்கு’ என்னும் சொற்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டிராது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது முதல் விமானத் தாக்குதல் நிகழ்ந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று மீண்டும் ஒன்று. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். குண்டு வீச்சு என்றால் என்னவென்று அறியாத மக்கள் தெருவில் நின்று வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததாகப் பல குறிப்புகள் சொல்கின்றன. துறைமுகத் தொழிலாளர் நகரை விட்டு ஓடினர், கப்பல்களில் சரக்கேற்ற ஆளில்லை, கழிவகற்ற ஆளில்லை. 1942 மார்ச் 8 அன்று ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றினர்.

இடைப்பட்ட இரண்டரை மாதங்களில் கப்பலில் இடம் பிடிக்க முடிந்தவர்கள் சுமார் எழுபதினாயிரம் பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. விமானத்தில் வந்தவர் சில ஆயிரம் பேரே. எஞ்சிய நான்கு லட்சம் பேர் நடந்தனர். அரக்கான் மலையைத் தாண்டி டாங்கப் கணவாய் வழியாக அக்யாப், சிட்டகாங் நோக்கி ஒரு கூட்டம். மாண்டலேயைக் கடந்து தாமு வழியாக மணிப்பூர் நோக்கி ஒரு கூட்டம். பிந்தியவர்கள் வடக்கே ஹுகாவ்ங் பள்ளத்தாக்கின் மழைக்காட்டுக்குள். காலரா, மலேரியா, வயிற்றுப்போக்கு, பட்டினி. வழியில் இறந்தவர்களின் தொகையைப் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதினாயிரத்துக்கு மேல் என்பாரும் உண்டு. எண்ணிக்கையில் இத்தனை பெரிய இடைவெளி இருப்பதே ஒரு செய்தி. வரலாற்றாசிரியர் ஹியூ டிங்கர் 1975இல் இதைப் பற்றி எழுதியபோது, மறக்கப்பட்ட நெடும்பயணம் என்றே தலைப்பிட்டார்.

தமிழில் இப்பயணத்துக்கு மறுக்க முடியாத ஓர் ஆவணம் உண்டு. ரங்கூனில் 1937 முதல் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, மனைவி மங்களத்துடன் நடந்து வந்தவர்களுள் ஒருவர். அவருடைய ‘பர்மா வழிநடைப் பயணம்’ அறிஞர் ஒருவரின் நிதானமான உரைநடையில் அந்த நாட்களைச் சொல்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யும் நினைவுக்கு வரும், ஆனால் அது மலேயாவும் சுமத்ராவும் சார்ந்த களம். பர்மாவின் நடைபயணத்துக்குச் சர்மாவைத்தான் தேடிச் செல்ல வேண்டும். வெகுமக்கள் கலைகளிலோ அப்பயணம் இன்றும் நினைவில் நிற்கும் அளவுக்குப் பதிவாகியிருக்கும் இடம் ‘பராசக்தி’தான்.

இனிப் படத்துக்கு வருவோம். தங்கையின் திருமணத்துக்கு மூன்று அண்ணன்மாரும் புறப்பட விரும்புகிறார்கள். போரின் காரணமாகக் கப்பலில் ஒரே ஒரு சீட்டுத்தான் கிடைக்கிறது. இளையவன் குணசேகரன் கப்பலேறுகிறான். கப்பல் மாதக்கணக்கில் கடலில் சிக்கித் தாமதப்படுகிறது. மூத்தவன் சந்திரசேகரனும் அவன் மனைவி சரஸ்வதியும் நடுவன் ஞானசேகரனும் பின்னர் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வருகிறார்கள். வழியில் ஞானசேகரன் பிரிந்துபோகிறான். குண்டு வீச்சில் ஒரு காலை இழக்கிறான். மூத்தவன் திருச்சி சேர்ந்து நீதிபதியாகிறான். நடுவன் பிச்சையெடுத்துப் பிழைத்து, பிச்சைக்காரர்களுக்கென ஒரு சங்கம் அமைக்கிறான். இளையவன் சென்னையில் இறங்கிய முதல் நாளிலேயே ஒரு பெண்ணின் சாகசத்தில் மயங்கி உடைமைகளைப் பறிகொடுத்துத் தெருவில் நிற்கிறான்.

ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர், ஒரே போர், மூன்று வழிகள். ஒருவன் நீதிபதி, ஒருவன் பிச்சைக்காரன், ஒருவன் பைத்தியக்கார வேடம் போடுபவன். யாருக்கு எது வாய்க்கும் என்பதைத் தகுதியோ உழைப்போ தீர்மானிக்கவில்லை. கூட்டத்தில் எந்தப் பக்கம் நின்றோம் என்பதே தீர்மானித்தது. இதைவிடத் துல்லியமாக 1942ஆம் ஆண்டைக் கதையாக்கிவிட முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. படத்தின் இரண்டாம் பாதியில் நடக்கும் தற்செயல்களைக் குறை சொல்வோர் உண்டு: தங்கை அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்கிறாள், அவன் அடையாளம் தெரியாமல் விரட்டுகிறான், பிறகு அவன் முன்னாலேயே குற்றவாளியாக நிற்கிறாள். நாடகப் பாங்கான தற்செயல்தான். ஆனால் முதற்பாதியின் பிரிவுகள் தற்செயல் அல்ல. அவை அப்படியே நடந்தவை. அகதிக் கூட்டத்தில் கை நழுவிப்போன பிள்ளைகளின், சகோதரர்களின் கதைகள் செட்டிநாட்டிலும் தஞ்சையிலும் வெகுகாலம் வழங்கிவந்தன.

மறுமுனையில் சென்னை எவ்வாறு இருந்தது? 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானியர் குண்டு வீசினர். அடுத்தது சென்னை என்ற அச்சம் பரவியது. ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, இன்றியமையாத பணியில் இல்லாதோர் நகரை விட்டு வெளியேறலாமென அறிவித்தது. உயர்நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அலுவலகங்கள் பல ஊர்களுக்குச் சிதறின. கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று விலங்குக் காட்சிச்சாலையின் கொடிய மிருகங்களைச் சுட்டுக்கொன்றனர். பல லட்சம் பேர் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வெளியேறினர். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியே அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதை அன்றும் நகரின் மேற்கு வாசல். நகரிலிருந்து மக்கள் வெளியேறிய அதே பாதையில் இராணுவம் உள்ளே வந்தது. ஆவடி போர்க்காலத்தில் பெரிய இராணுவத் தளமாயிற்று. பூவிருந்தவல்லிக்கு அது புதிதன்று. கும்பினிக் காலத்திலிருந்தே அங்குப் படை வீடுகள் உண்டு. இன்று ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையின் மதிலோரம் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் மாணவர்களுக்கு, அந்த ஊரின் முகத்தை மாற்றியது அந்தப் போர்தான் என்று சொன்னால் சிறிது வியக்கிறார்கள்.

சென்னை மீது பெருந்தாக்குதல் எதுவும் வரவில்லை. 1943 அக்டோபரில் ஒரு விமானம் துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுப் போனதோடு சரி. போர் தமிழகத்துக்குள் குண்டாக வரவில்லை. அகதியாகவும் அரிசித் தட்டுப்பாடாகவும் வந்தது. ‘பராசக்தி’யின் போர் அந்த இரண்டாவது வகைப் போர்.

இப்படத்தின் தனித்தன்மையை உணர, அதற்கு முன் வந்த போர்ப் படங்களோடு ஒப்பிட வேண்டும். போர்க்காலத்தில் கச்சாப் பிலிம் இறக்குமதி குறைந்தது. படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாதென அரசு கட்டுப்பாடு விதித்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஐம்பது பாட்டுகள் பாடிப் பழகிய தமிழ்ப் படத்துக்கு அது ஒரு வகையில் நன்மையே செய்தது என்பது நம் கருத்து. பிலிம் வேண்டுமானால் போர் ஆதரவுப் படமும் எடுக்க வேண்டுமென்ற நெருக்குதல் இருந்தது. அவ்வாறு வந்தவற்றுள் பெயர் பெற்றவை 1945இல் வெளியான இரண்டு: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரத்தின் ‘பர்மா ராணி’, கே. சுப்ரமணியத்தின் ‘மானசம்ரட்சணம்’. ‘பர்மா ராணி’யில் கே. எல். வி. வசந்தா நாயகி, டி. ஆர். சுந்தரமே ஜப்பானியத் தளபதியாக நடித்தார். பர்மாவில் அகப்பட்டுக்கொள்ளும் இந்திய விமானப் படையினர் தப்பிக்கும் சாகசக் கதை அது. ‘தியாகபூமி’ எடுத்துத் தடையைச் சந்தித்த சுப்ரமணியமே ஆங்கில அரசின் போருக்காகப் படமெடுக்க நேர்ந்தது காலத்தின் விநோதம்.

இவ்விரு படங்களிலும் பகைவன் யாரென்பதில் ஐயமே இல்லை. அவன் ஜப்பானியன், அல்லது ஜப்பானியனின் ஒற்றன். அவன் வீழ்ந்தால் கதை முடிந்தது. ‘பராசக்தி’யில் ஜப்பானியன் முகமே இல்லாதவன். வானத்திலிருந்து விழும் ஒரு சத்தம், அவ்வளவே. கல்யாணியைத் துன்புறுத்துபவர்கள் அனைவரும் உள்ளூர்க்காரர்கள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பாவலர் பாலசுந்தரத்தின் மேடை நாடகம் படமானபோது கருணாநிதியின் கை அதில் பட்டது என்பது வெளிப்படையான விடை. 1949இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு வெளிப்பகைவனைவிட உட்பகைவனே முக்கியம். அந்த விடை சரிதான், ஆனால் முழுமையன்று. போர் முடிந்தபின் படமெடுத்த எல்லா நாடுகளிலும் இந்தத் திருப்பம் நிகழ்ந்திருக்கிறது. ஜெர்மனியில் 1946 அக்டோபரில் வோல்ஃப்காங் ஷ்டவுடெயின் ‘கொலைகாரர்கள் நம்மிடையே’ வெளிவந்தது. இடிந்து கிடந்த பெர்லின் நகரத்திலேயே எடுக்கப்பட்ட படம். போரிலிருந்து திரும்பிய மருத்துவன் ஒருவன், அப்பாவிகளைக் கொல்ல ஆணையிட்ட தன் பழைய அதிகாரி, இப்போது இராணுவத் தலைக்கவசங்களைச் சட்டி பானைகளாக மாற்றி விற்கும் தொழிலதிபராக வசதியாக வாழ்வதைக் காண்கிறான். அதே ஆண்டில் கெர்ஹார்ட் லாம்ப்ரெக்டின் ‘பெர்லினில் எங்கோ ஓரிடத்தில்’ இடிபாடுகளுக்கிடையே விளையாடும் சிறுவர்களையும், சிறையிலிருந்து உடைந்து திரும்பும் தந்தையையும் காட்டியது. இடிபாட்டுப் படங்கள் என்றே இவற்றுக்கு ஜெர்மனியில் பெயர். வங்காளப் பஞ்சத்தைக் கருவாகக் கொண்ட கே. ஏ. அப்பாஸின் ‘தர்த்தி கே லால்’ நம் நாட்டில் அதே 1946இல் வந்தது. பகைவன் தோற்ற பின்பும் ஏன் இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்னும் கேள்வி இவை எல்லாவற்றிலும் உண்டு. கல்யாணி வேலைக்குச் சேரும் வீட்டின் எசமானன் கள்ளச் சந்தைக்காரன் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பெர்லினின் சட்டி பானை முதலாளிக்கும் அவனுக்கும் உறவு தூரமில்லை. போரில் சிலர் காலை இழந்தார்கள். சிலர் பெட்டியை நிரப்பிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். விமர்சகர்கள் கோயில் காட்சிக்கு ஓடும் அவசரத்தில் கடந்துவிடும் ஒரு செய்தி படத்தில் இருக்கிறது: கல்யாணியின் இட்லிக் கடை. குழந்தை பிறந்த நாளில் கணவன் தங்கப்பன் விபத்தில் இறக்கிறான். அந்த அதிர்ச்சியில் தந்தை மாணிக்கம் பிள்ளையும் போய்விடுகிறார். வரவேண்டிய அண்ணன்மார் வரவில்லை. ரங்கூன் பணத்தை நம்பி நடந்த வீடு, அந்தப் பணம் நின்றதும் சரிகிறது. கைம்பெண் இட்லி சுட்டு விற்கிறாள். ரங்கூன் வீழ்ந்ததும் நின்றுபோனது அண்ணன்மார் அனுப்பிய பணம் மட்டுமன்று. பர்மா அரிசியும் நின்றது. போருக்கு முன் சென்னை மாகாணம் தன் அரிசித் தேவையில் ஒரு பகுதிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. 1942க்குப் பிறகு அந்தக் கப்பல்கள் வரவில்லை. விலை ஏறிற்று, பங்கீடு வந்தது, பதுக்கல் பெருகிற்று. வங்காளத்தில் 1943இல் பல லட்சம் உயிர்களைக் கொண்டுபோன பஞ்சத்தின் காரணங்களுள் பர்மா அரிசி நின்றதும் ஒன்று. இந்நிலையில் ஒரு பெண் அரிசியை நம்பித் தொழில் தொடங்குகிறாள். அவளுடைய இட்லிக் கடை ஏன் நிலைக்கவில்லை என்பதற்குப் படம் காட்டும் காரணம் கயவன் ஒருவனின் தொல்லை. 1952இல் கொட்டகையில் அமர்ந்திருந்த தாய்மாருக்கு மற்றக் காரணமும் தெரிந்திருக்கும். பங்கீட்டுக் கடை வரிசையில் நின்ற கால்கள் அவை.

படத்தைத் தயாரித்த இடத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் ஓர் உறவுண்டு. பி. ஏ. பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸும் ஏவி. மெய்யப்பனும் சேர்ந்து எடுத்த படம் இது. போர்க்கால நெருக்கடிகளால் சென்னையில் ஸ்டூடியோ நடத்த முடியாமல் மெய்யப்பன் காரைக்குடிக்குப் போய்க் கொட்டகை போட்டுப் படமெடுத்தவர். 1947இன் ‘நாம் இருவர்’ அங்கே உருவானது. 1948இல்தான் கோடம்பாக்கம் திரும்பினார். காரைக்குடி என்பது ரங்கூன் பணத்தால் எழுந்த மாளிகைகளின் ஊர். பர்மா தேக்குத் தூண்கள் தாங்கிய அம்மாளிகைகளில் பல, 1942க்குப் பிறகு வருமானம் நின்று பூட்டிக்கிடந்தன. ரங்கூன் குடும்பம் ஒன்றின் வீழ்ச்சியைப் படமாக்கியவர், அத்தகைய குடும்பங்களின் நடுவே பிறந்து வளர்ந்த நகரத்தார் என்பதைத் திரைப்பட ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு கருதவில்லை. மெய்யப்பனுக்குப் புதுமுகமான கணேசன் மீது நம்பிக்கை வராததும், கே. ஆர். ராமசாமியைப் போடலாமென எண்ணியதும், பெருமாள் உறுதியாக நின்றதும் பலமுறை சொல்லப்பட்ட கதை, அதை விட்டுவிடலாம். கிருஷ்ணன் - பஞ்சு இணையரின் இயக்கத்தில் படம் முடிய ஏறக்குறைய இரண்டாண்டுகள் ஆயின.

இடைச்செருகலாக ஒன்று. செந்தமிழ் வசனத்தின் வெற்றியாகக் கொண்டாடப்படும் இப்படத்தில் கல்யாணியாக நடித்த ஸ்ரீரஞ்சனி தெலுங்கர். விமலாவாக நடித்த பண்டரிபாய் கன்னடத்தவர். தமிழ்நாட்டின் துயரத்தைத் தமிழில் பேசத் தெலுங்குக் குரலும் கன்னடக் குரலும் துணை வந்தன. ரங்கூன் துறைமுகத்தில் தமிழனும் தெலுங்கனும் சேர்ந்து மூட்டை சுமந்ததைப் போல, என்று சொன்னால் மிகையாகாது.

இனி, படம் சொல்லாமல் விட்டவை. அவையும் சிறியவை அல்ல.

முதலாவது, அந்தச் சகோதரர்கள் வசதி படைத்தவர்கள். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். கப்பல் சீட்டுக்கு ஒருகாலும் வரிசையில் நின்றிராதவர்கள். நடைபாதையிலும் வெள்ளையருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி எனப் பாகுபாடு காட்டப்பட்டது அன்றே பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. சாதி வேற்றுமையையும் வர்க்க வேற்றுமையையும் நீதிமன்றத்தில் ஏற்றிக் கேள்வி கேட்ட படம், இந்தப் பாகுபாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. நடுவன் ஞானசேகரனின் பிச்சைக்காரர் சங்கத்தில் அதன் நிழல் சற்று விழுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். அந்தச் சங்கம் பெரும்பாலும் நகைச்சுவைக்கென அமைந்ததாகக் கருதப்படுகிறது. நமக்கு அப்படித் தோன்றவில்லை. அகதிகள் மறுவாழ்வு கேட்டுச் சங்கம் வைத்த காலத்தின் பகடி அது, பாதி வேடிக்கையும் பாதி வேண்டுகோளுமாக.

இரண்டாவது, கதைக் காலம் 1942. நாடெங்கும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் நடந்த ஆண்டு. அடுத்த சில ஆண்டுகளில் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்தனர். இவ்விரண்டுக்கும் படத்தின் கதைப்போக்கில் இடமில்லை. விடுதலைப் போராட்டத்தைத் தவிர்த்துவிட்டு அந்த ஆண்டைக் கதையாக்குவது எளிதன்று; படம் அதைச் செய்திருக்கிறது. கழகத்தவர் பார்வையில் அது இயல்பு. எம். எஸ். எஸ். பாண்டியன் 1991இல் எழுதிய விரிவான ஆய்வுக் கட்டுரை, தி.மு.க.வின் கொள்கைகளும் சமரசங்களும் இப்படத்தில் எவ்வாறு கலந்தன என்பதை ஆராய்கிறது. போரைப் பற்றிய இந்த மௌனத்தையும் அந்த ஆய்வுக்கு ஓர் இணைப்பாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பர்மியர். ரங்கூன் காட்சிகளில் பர்மியர் இல்லாத ஒரு பர்மா நமக்குக் கிடைக்கிறது. அங்கே மணந்துகொண்ட பர்மியப் பெண்களையும் அவர்களிடம் பிறந்த பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஊர் திரும்பிய ஆண்கள் எத்தனையோ பேர். நம் கதைகளில் அந்தப் பெண்களின் பக்கம் எப்போதாவதுதான் எழுதப்பட்டிருக்கிறது. கல்யாணிக்காக நீதி கேட்ட மேடையில் அவர்களுக்காகக் கேட்க ஆளில்லை.

படம் வெளியானபோது எழுந்த எதிர்ப்பு எதற்காக என்பது தெரிந்ததே. ராஜாஜி அரசு பதவியேற்று ஆறு மாதமாகியிருந்தது. படத்தைத் தடை செய்ய வேண்டுமென்ற குரல் வலுத்தது. மறு பரிசீலனை கோரப்பட்டது. சில வரிகள் நீங்கின. படமோ வெள்ளி விழா கண்டது. வசன இசைத்தட்டுகளும் வசனப் புத்தகமும் ஊர் ஊராகப் பரவின. இந்தப் பரவலே போரை மறக்கச் செய்தது என்பது நம் கணிப்பு. இசைத்தட்டில் இடம் பெற்றது வசனம். கப்பல் தாமதமானதோ, கூட்டம் நடந்ததோ, கால் போனதோ வசனம் அல்ல, அவை காட்சி. தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டு மனனம் செய்யப்பட்ட ஒரு படத்தில் கண்ணால் காண வேண்டியவை உதிர்ந்துபோவதில் வியப்பில்லை. கல்லூரி ஆண்டு விழா மேடையில் குணசேகரனாக நின்று முழங்கும் மாணவன், தான் எந்தக் கடலைக் கடந்து வந்ததாகச் சொல்கிறான் என்று யோசிப்பதில்லை.

வரலாறு அதோடு நிற்கவும் இல்லை. போர் முடிந்ததும் பல ஆயிரவர் மீண்டும் பர்மாவுக்கே போனார்கள். விட்டு வந்த கடையும் வயலும் அங்கே இருந்தன. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் தேசியமயமாயின. 1964 முதல் கப்பல் கப்பலாக மறுபடியும் திரும்பினார்கள். இம்முறை தமிழகம் வந்து சேர்ந்தோர் ஒரு லட்சத்துக்கும் மேல். வியாசர்பாடி போன்ற இடங்களில் அவர்களுக்குக் குடியிருப்புகள் அமைந்தன. 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் வந்தது. அவர்கள் கொண்டு வந்த அத்தோ, நகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி வரை தள்ளுவண்டிகளில் வந்துவிட்டது. மாலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் வகுப்பில் ‘ரங்கூன் எங்கே இருக்கிறது’ என்று கேட்கும் மாணவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

மீண்டும் படத்தைப் பார்க்கிறவர்கள் ஒரு பாத்திரத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். மூத்தவனின் மனைவி சரஸ்வதி. கணவனும் கொழுந்தனுமாக ரங்கூனிலிருந்து நடந்து வந்தவள் அவள். மலையும் காடும் கடந்து, கூட்டத்தில் கொழுந்தனைத் தொலைத்து வந்தவள். அதன்பின் திருச்சியில் நீதிபதியின் மனைவியாக, வசதியான வீட்டில் அவளைக் காண்கிறோம். அந்த வீட்டு வாசலில்தான் கல்யாணி பசியோடு வந்து நின்று விரட்டப்படுகிறாள். குணசேகரன் தன் துன்பத்தை நீதிமன்றத்தில் நெடுநேரம் சொல்கிறான், கல்யாணி சொல்கிறாள், ஞானசேகரன் தன் ஊன்றுகோலோடு வந்து நிற்கிறான். வழியில் என்ன கண்டாய் என்று சரஸ்வதியை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. சர்மாவின் புத்தகத்தில் மங்களம் அம்மாள் நடந்து வரும் பக்கங்களைப் படித்துவிட்டு இப்படத்தைப் பார்த்தால், அந்த நடையில் ஒரு பங்கு இவளுக்கும் உண்டு என்பது கண்ணில் படும்.